500 ஜிபி ஹார்ட் டிஸ்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்ற முடியவில்லை, உதவி தேவை

அச்சுக்கடை:
வணக்கம். அப்பாவின் டிடிபி கடை கணினி விண்டோஸ் 7, 32 பிட். பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் எழுத்துருக்கள், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பல மென்பொருள்களின் சிடி இப்போது கையில் இல்லை. அதனால் புதிதாக இன்ஸ்டால் செய்ய வழியில்லை, அப்படியே நகல் எடுத்தாக வேண்டும். சி 100 ஜிபி, மீதி முழுக்க டி. டியில் 130 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. ஆனாலும் டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் (குளோன்) மென்பொருளான குளோன்ஜில்லா, புதிய டிஸ்க் சிறியது என்று சொல்லி நின்றுவிடுகிறது. 480 ஜிபியில் 230 ஜிபி அடங்காதா?

தாமிரபரணி:
தம்பி, டிஸ்க் முழுவதையும் நகல் எடுக்கச் சொன்னால் அது தரவு எவ்வளவு என்று பார்க்காது, பார்ட்டிஷன் (சி, டி போன்ற பிரிவு) எங்கே முடிகிறது என்றுதான் பார்க்கும். 500 ஜிபி டிஸ்கில் இருப்பது 500,107,862,016 பைட். 480 ஜிபி எஸ்எஸ்டியில் 480,103,981,056. டியின் வால் அந்த 20 ஜிபி அளவுக்கு எஸ்எஸ்டியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. டியைச் சுருக்கினால் வேலை முடியும். ஆனால் அதற்கு முன் பழைய டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது? டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு 05 (கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்), சி5 (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள்), சி7 (கேபிள் வழிப் பிழைகள்) மூன்று வரியிலும் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அச்சுக்கடை:
மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது அண்ணா. 05, சி7 இரண்டும் பூஜ்யம். சி5 மட்டும் கடைசியில் 18. டியில் சில ஃபோல்டர்களைத் திறந்தால் கொஞ்ச நேரம் அப்படியே உறைந்துபோகிறது. செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கட்டுமா?

தாமிரபரணி:
வேண்டாம், இப்போது கண்டிப்பாக வேண்டாம். அந்த 18 பதினாறடிமான எண். நம் கணக்கில் 24 செக்டர், அதாவது டிஸ்கின் சிறு துண்டுகள். படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கிற இடங்கள் அவை. செக்டிஸ்க் டிஸ்க் முழுவதையும் தேய்த்துப் படிக்கும், கோப்பு அமைப்பையும் திருத்தும். சாகக் கிடக்கிற டிஸ்கில் இரண்டுமே ஆபத்து. டியைச் சுருக்குவதையும் விட்டுவிடுங்கள். சுருக்கும்போது கோப்புகள் இடம் மாறும், நடுவில் படிப்புப் பிழை வந்தால் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கும். சி7 பூஜ்யமாக இருப்பதால் கேபிள் கோளாறு இல்லை, டிஸ்கேதான்.

முதலில் பேஜ்மேக்கர் கோப்புகளையும் எழுத்துருக்களையும் வெளி டிஸ்கில் சாதாரணமாக காப்பி செய்யுங்கள். குளோன் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

கரிசல்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டி வெறும் கோப்புகள்தானே, அதை ஏன் குளோன் செய்ய வேண்டும்? சியும் அதற்கு முன்னால் இருக்கிற 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டும் (விண்டோஸ் பூட் ஆகத் தேவையான சிறு பார்ட்டிஷன்) மட்டும் போதும். பார்ட்டிஷன்களைக் கையாளும் ஜிபார்ட்டெட் மென்பொருள் உள்ள பென்டிரைவில் பூட் செய்து, எஸ்எஸ்டியில் எம்எஸ்டாஸ் வகை பார்ட்டிஷன் டேபிள் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்ற பட்டியல்) போட்டு, இரண்டையும் காப்பி, பேஸ்ட் செய்யுங்கள். மிச்ச இடத்தில் புது டி. இருபது ஜிபி குறைகிறது என்ற பிரச்சினையே எழாது.

எஸ்டிஏ, எஸ்டிபி என்று அதில் டிஸ்குகளுக்குக் காட்டும் பெயரை நம்பி எதையும் செய்யாதீர்கள், ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். மாடல் பெயரையும் அளவையும் பார்த்து, எது பழையது என்று உறுதி செய்த பிறகே அப்ளை அழுத்துங்கள். ஒட்டும்போது தொடக்க இடமும் பழையபடியே இருக்கட்டும். வழக்கமான விண்டோஸ் 7 நிறுவலில் சிஸ்டம் ரிசர்வ்ட் 2048ஆம் செக்டரிலும் சி 206848இலும் தொடங்கும்.

அச்சுக்கடை:
கோப்புகள் வெளி டிஸ்கில் ஏறிவிட்டன. இரண்டு பழைய படங்கள் மட்டும் படிக்கவில்லை, அவற்றின் அச்சுப் பிரதி கடையில் இருக்கிறது. சி, சிஸ்டம் ரிசர்வ்ட் இரண்டும் பிழையில்லாமல் காப்பி ஆகிவிட்டன. பழையதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் மாட்டினேன். கறுப்புத் திரையில் ஒரு கோடு மின்னுகிறது, அவ்வளவுதான். பயாஸில் டிஸ்க் இணைப்பு முறையை ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐ ஆக்கிப் பார்க்கவா?

தாமிரபரணி:
பயாஸைத் தொடாதீர்கள். ஐடிஇயில் நிறுவிய விண்டோஸ் 7ஐ அப்படி மாற்றினால் 7பி என்ற பிழையோடு நீலத்திரை வந்து நிற்கும். உங்களுக்கு வந்திருப்பது வேறு. ஜிபார்ட்டெட் பார்ட்டிஷன்களை மட்டுமே கொண்டுபோனது. டிஸ்கின் முதல் செக்டரில் இருக்கிற பூட் நிரல் பழைய டிஸ்கிலேயே தங்கிவிட்டது.

அந்த 512 பைட்டில் முதல் 446 பைட்டில் பூட் நிரலும், அதன் கடைசிப் பக்கம் நான்கு பைட் டிஸ்க் கையொப்பமும் இருக்கின்றன. அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் டேபிள். இரண்டையும் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவிலிருந்து டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையில் உள்ளீடு பழைய டிஸ்க், வெளியீடு எஸ்எஸ்டி, பிளாக் அளவு 446, எண்ணிக்கை 1 என்று கொடுங்கள். 512 கொடுத்தால் பழைய டேபிளும் சேர்ந்து வந்து, புதிய டி காணாமல் போகும். உள்ளீடும் வெளியீடும் இடம் மாறக் கூடாது, என்டர் தட்டுமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். விண்டோஸ் தன் பூட் பார்ட்டிஷனை அந்தக் கையொப்பத்தையும் தொடக்க இடத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஜிபார்ட்டெட்டில் சிஸ்டம் ரிசர்வ்டுக்கு பூட் கொடியும் வையுங்கள்.

முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். ஒரே கையொப்பத்தோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

அச்சுக்கடை:
ஏறிவிட்டது அண்ணா! பேஜ்மேக்கர் எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்தது. புது டிரைவுக்கு வேறு எழுத்து வந்திருந்தது, டிஸ்க் மேனேஜ்மென்டில் டி என்று மாற்றி கோப்புகளைப் போட்டதும் பத்திரிகையில் இணைத்த படங்களும் தானாக வந்துவிட்டன. அப்பாவுக்கு நிம்மதி. இருவருக்கும் நன்றி. பழைய டிஸ்கை ஃபார்மட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

கரிசல்:
சி5 ஏறின டிஸ்கை பேக்கப்புக்கு நம்ப வேண்டாம். ஃபார்மட்டும் செய்யாதீர்கள், விட்டுப்போன கோப்பு ஏதாவது நினைவுக்கு வந்தால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். பேக்கப்புக்கு அந்த வெளி டிஸ்கையே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை) அட்டவணை எஸ்எஸ்டிக்கு இன்னும் ஓடுகிறதா பாருங்கள். குளோன் செய்த விண்டோஸ் 7இல் அது பழையபடியே இருக்கக்கூடும், நிறுத்திவிடுங்கள்.