குழந்தையின் பியூப்பில் (கண்மணி) விரியவில்லை: நான்காவது தடவை சொட்டு விடலாமா, 30ஆம் நாள் வரை காத்திருக்கலாமா?

உசிலைச்செவிலி:
உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவு. 29 வாரத்தில் 1,150 கிராமில் பிறந்த குழந்தை, இன்று 20ஆம் நாள். முதல் 9 நாள் ஆக்சிஜன். ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்) பரிசோதனைக்காகக் காலையில் 3 தடவை பியூப்பிலை விரிக்கும் சொட்டு விட்டும் பியூப்பில் சரியாக விரியவில்லை. "30ஆம் நாள்தானே கணக்கு, அப்போ பார்த்துக்கலாம்" என்கிறார்கள். இன்னொரு தடவை விடலாமா?

கண்மருத்துவர்_மதுரை:
ரெண்டும் வேண்டாம். 34 வாரத்துக்கு முன்னாலோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30ஆம் நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். அது கடைசிக் கெடு, ஆரம்ப நாள் இல்லை. 28 வாரத்துக்குக் கீழ், அல்லது 1,200 கிராமுக்குக் கீழ் என்றால் 2–3 வாரத்திலேயே பார்க்கணும். உங்கள் குழந்தை எடையால் இதில் வருகிறது. நாளையோடு மூன்று வாரம் முடிகிறது.

சொட்டு எப்படி விட்டீர்கள்? கடையில் கிடைக்கும் டிராபிகமைடு 0.8%, ஃபினைலெஃப்ரின் 5% கலவையைப் பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீரோடு சரிபாதி கலந்து, 10–15 நிமிட இடைவெளியில் 2–3 தடவை, கண்ணுக்கு ஒரு சொட்டு. கீழ் இமையை இழுத்துப் பையில் விழ வேண்டும். அழுகிற குழந்தையின் மூடிய இமைமேல் விழுந்தால் கன்னம்தான் நனையும், பாதி நேரம் சிக்கல் இதுதான். வழிந்ததைப் பஞ்சால் உடனே துடைத்துவிடுங்கள். தோல் வழியே ஏறினால் ரத்த அழுத்தம் கூடும், மூச்சு நிற்கும், வயிறு உப்பும். அதனால்தான் நான்காவது தடவை கூடாது என்கிறேன். 10% ஃபினைலெஃப்ரின் பாட்டிலை அந்த அறையிலேயே வைக்காதீர்கள்.

இனி முக்கியமானது. சொட்டு சரியாக விழுந்தும் விரியவில்லை என்றால் டார்ச் அடித்து ஐரிஸை (பியூப்பிலைச் சுற்றிய நிற வளையம்) பாருங்கள். பியூப்பிலின் ஓரத்தைச் சுற்றிப் புடைத்த சிவப்புக் கோடுகள் தெரிந்தால், கோளாறு சொட்டில் இல்லை. உள்ளே நோய் வேகமாக ஏறிக்கொண்டிருக்கலாம். ஏ-ஆர்.ஓ.பி. (இந்த நோயின் மிக வேகமான வகை) சில சமயம் இப்படித்தான் முகம் காட்டும். படிப்படியாக வராமல் சில நாளில் விழித்திரையைப் பிரித்துவிடும். விரியாத பியூப்பிலைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது, அதுவே அவசரத்துக்குக் காரணம். மதுரைக்கு அனுப்பிவிடுங்கள்.

பச்சிளம்_டாக்டர்:
ஒரு திருத்தம். 34 வாரம் வரை லென்ஸைச் சுற்றி மெல்லிய ரத்தக்குழாய்கள் இயல்பாகவே மிச்சமிருக்கும், கோடு தெரிந்தாலே ஏ-ஆர்.ஓ.பி. என்று பெற்றோரைப் பதற வைக்காதீர்கள். ஆனாலும் அனுப்புவதில் மாற்றமில்லை.

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு பால் நிறுத்தம். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டியபடியே இருக்கட்டும். ஸ்பெகுலம் (இமையை விரித்துப் பிடிக்கும் கருவி) போடும்போது இதயத்துடிப்பு குறையலாம், ஆம்பு பையும் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) மாஸ்க்கும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். மதுரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே பயணம், தாயின் நெஞ்சோடு கட்டி அனுப்பினால் உடல் குளிராது. ஆக்சிஜன் தேவைப்பட்டால் ஆக்ஸிமீட்டரில் 90–95% காட்டினால் போதும். 100%ஐப் பார்த்துச் சந்தோஷப்படும் பழக்கம்தான் இந்த நோய்க்கு உரம்.

விழித்திரை_வைகை:
சிகிச்சை என்று முடிவானால் டைப் 1க்கு (சிகிச்சை தேவைப்படும் அளவு முற்றிய ஆர்.ஓ.பி.) 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், ஏ-ஆர்.ஓ.பி.க்கு அதைவிடக் குறைவு. ரத்தக்குழாய் போகாத விழித்திரைதான் வி.இ.ஜி.எஃப். என்ற ரத்தக்குழாய் வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து புதுக்குழாய்களைக் கிளப்புகிறது. லேசர் அந்தப் பகுதியைச் சுட்டு ஊற்றையே அடைக்கிறது. நடுவில் சுடாமல் விட்ட இடம் இருந்தால் நோய் அங்கிருந்தே தொடரும். கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து சுரந்த புரதத்தை மட்டும் பிடிக்கிறது. முதல் மண்டல (விழித்திரையின் நடுப்பகுதி) நோய்க்கும் பியூப்பில் விரியாத கண்ணுக்கும் ஊசி கைகொடுக்கும், ஆனால் மாதங்கள் கழித்தும் நோய் திரும்பும். ஊசி போட்டபின் "நல்லாயிருச்சு" என்று ஊருக்குப் போய்விடுகிற குடும்பத்தைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். டிஸ்சார்ஜ் அட்டையில் "ஊசி போட்டது, அடுத்த பரிசோதனை இந்தத் தேதி" என்று பெரிதாக எழுதுங்கள், இரண்டு போன் நம்பர் வாங்குங்கள்.

உசிலைச்செவிலி:
டார்ச்சில் பார்த்தோம். வலது கண்ணில் ஓரமெல்லாம் சிவப்புக் கோடு, இடதில் லேசாக. சொட்டை நிறுத்தியாச்சு. அம்மாவோடு மத்தியானமே மதுரைக்குக் கிளப்புகிறோம்.