எட்டு வழிச் சாலையும் எங்கள் ஆட்சேபனை மனுவும்: ஒரு கிராமத்து அனுபவம்

வீட்டுக்குப் பின்னால் சாலைக்காக அளவைக்கல் ஊன்றிவிட்டார்கள், தெருவில் எல்லோரும் கூடிப் பேசுகிறோம், அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருந்த நண்பருக்காக, 2018இல் நாங்கள் பட்டதை எழுதுகிறேன்.

சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்குக் குறித்த பாதையில், சேலம் மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றில் எங்களுக்கு இரண்டேகால் ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் வழியாக 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய் என்றெல்லாம் செய்தித்தாளில் படித்திருந்தோம். உளுந்தூர்ப்பேட்டை வழியாகவும் கிருஷ்ணகிரி வழியாகவும் ஏற்கெனவே சென்னைக்கு நல்ல சாலைகள் இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்று டீக்கடையில் பேசியதோடு சரி. அந்தச் சாலை எங்கள் புல எண்ணின் வழியாகவே போகிறது என்பது, ஜூன் மாதத்தில் ஒரு காலையில் காவலர்கள் துணையோடு அளவைக் குழு வரப்பில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

கல்லை ஊன்றிய இடம் கிணற்றுமேட்டிலிருந்து பதினோரு அடி. என் அப்பாவுக்கு அப்போது எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை, சர்வேயராக வந்த இளைஞரிடம் போய், "தம்பி, இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் காடு. நான் எப்படித் தண்ணீர் பாய்ச்சுவது?" என்று மட்டும் கேட்டார். அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு, "ஐயா, நான் அளக்க மட்டும்தான் வந்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடுங்கள்" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று அன்று எங்களுக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு எங்களிடம் உருப்படியான ஒரு வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நடக்கிறது. அதன் 3ஏ பிரிவில் அறிவிக்கை வெளியிட்டு, அதன் சுருக்கத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும். அவற்றில் ஒன்றாவது வட்டார மொழியில் இருக்க வேண்டும். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள், நிலத்தில் உரிமையோ நலனோ உள்ள எவரும் எழுத்து மூலம் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்றும், நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தம் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் 3சி பிரிவு சொல்கிறது. 3டி பிரிவின்கீழ் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். இத்தனையையும் எங்களுக்கு விளக்கியவர் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் நாளிதழைக் கொண்டுவந்து ரேஷன் கடைத் திண்ணையில் விரித்தபோது 21 நாள்களில் ஒன்பது நாள்கள் போயிருந்தன.

மிச்சமிருந்த நாள்களில் நாங்கள் செய்த முதல் வேலை தவறானது. ஒரே வாசகத்தை நாற்பது பிரதி எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுக் கட்டாகக் கொண்டுபோனோம். "விவசாயம் அழியும், வாழ்வாதாரம் பறிபோகும்" என்று அதில் எழுதியிருந்தது. உண்மைதான், ஆனால் அதில் யாருடைய நிலமும் இல்லை. வாங்கிப் பார்த்த அலுவலர், "இதில் உங்கள் நிலத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே" என்றார். ஊருக்குத் திரும்பி வரும் பேருந்தில் யாரும் பேசவில்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக உட்கார்ந்து எழுதினோம். புல எண், உட்பிரிவு, சிட்டாவில் உள்ள பரப்பு, கிணற்றின் ஆழம், மின் இணைப்பு எண், மரங்களின் வகையும் எண்ணிக்கையும், சாலை போனபின் எந்தப் பக்கம் எவ்வளவு மிஞ்சும் என்பது வரை எல்லாவற்றையும் குறித்தோம். கடைசியாகச் சொன்னதுதான் பலர் யோசிக்காதது. நினைத்த இடத்தில் குறுக்கே கடந்துபோக இது ஊர்ச்சாலை அல்ல. சுரங்கவழி எங்கே விடுகிறார்களோ அங்கே சுற்றிப்போய்த்தான் மறுபக்கம் சேர முடியும். எடுத்துக்கொள்ளும் ஐம்பது சென்ட்டுக்கு இழப்பீடு வரலாம். கிணறு இல்லாமல் தரிசாகக் கிடக்கப்போகும் மிச்ச ஒன்றே முக்கால் ஏக்கருக்கு யார் கணக்குச் சொல்வது? அப்பா கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, முழம் போட்டு அளந்து, 62 அடி என்று தன் கையாலேயே மனுவில் எழுதினார்.

அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஒப்புகைக்கு முத்திரை போட மறுத்தார்கள். அதனால் எல்லா மனுக்களையும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். அந்தச் செலவு ஒன்றுதான் வீண் என்று அன்று சிலர் முணுமுணுத்தார்கள்.

ஊரே ஒரே குரலில் நின்றது என்று சொல்லமாட்டேன். என் சித்தப்பா மகன் சென்னையில் வேலை பார்க்கிறவர். மழையை நம்பிய மேட்டுநிலம் அவருடையது, இழப்பீடு வந்தால் கடன் தீரும் என்று வெளிப்படையாகவே சொன்னார். கூட்டத்தில் ஒருவர் அவரைத் துரோகி என்றபோது சிலர் கைதட்டினார்கள், அதைத் தடுக்காமல் இருந்தது எங்கள் பிழை. இன்றும் அந்த இரண்டு வீடுகளுக்கும் பேச்சு இல்லை.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு நடவடிக்கைகளை ரத்து செய்தது. அரசின் பெயருக்கு மாற்றிய வருவாய்ப் பதிவுகளை உரிமையாளர்கள் பெயருக்கே திருப்ப வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பட்டாசு வெடித்தோம். எல்லாம் முடிந்தது என்று தாள்களைப் பரணில் போட்டவர்களே அதிகம். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிக்கை வெளியிடும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருக்க வேண்டியதில்லை என்று கூறி, திட்டத்தை மேற்கொண்டு நடத்த வழிவிட்டபோது, அந்தப் பரண்களில் எலி கடித்தது போக மிஞ்சியதைத்தான் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தவர், முணுமுணுத்தவர்களில் ஒருவரின் மனைவி.

*

மேலே சேலத்துக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு, நான் பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது நிலம் போகும் கவலை அல்ல, நிழல் போகும் கவலை. பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டருக்கு 1,791 கோடி ரூபாயில் இரும்பு மேம்பாலம் கட்டுவதற்கு 812 மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். 2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, சாலையோரம் நின்ற மனிதச் சங்கிலியில் நானும் என் மாமியாரும் கைகோத்து நின்றோம். மாமியாருக்குக் கன்னடத்தில் அன்று முழுக்கப் பயன்பட்ட சொல் 'பேடா', அதாவது வேண்டாம். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

ஆனால் மறக்க முடியாதது வேறு. சங்கிலியில் நின்றபோது நெரிசலில் சிக்கிய ஓர் ஆட்டோக்காரர், தமிழர்தான், எங்கள் முன் வண்டியை நிறுத்தி, "அக்கா, நான் இந்த ரோட்டில் தினமும் இரண்டு மணி நேரம் நிற்கிறேன். பாலமும் வேண்டாமென்றால் எனக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். பேருந்து, ரயில் என்று ஏதோ சொன்னேன். அவர் காதில் விழுந்திருக்காது, சிக்னல் மாறிவிட்டது.

*

மேலே எழுதிய சேலத்துக்காரன்தான். அந்த அளவைக்கல் என்னவாயிற்று என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் பல ஊர்களில் கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். எங்கள் காட்டில் இருந்ததை அப்பா பிடுங்க விடவில்லை. ஆழமாக நன்றாகத்தான் ஊன்றியிருக்கிறார்கள் என்று சொல்லி, இப்போது அதில் ஆட்டைக் கட்டுகிறார்.