கஞ்சமலைக்கு மேல நின்ன வெள்ளைப் புள்ளி: பலூன் பார்த்தவங்க எழுதுங்க

மலைச்சாரல்:
ஏற்காடு லேடீஸ் சீட், ஏப்ரல் நடுவுல, மேகமே இல்லாத சாயந்திரம். தென்மேற்கே, சேலத்துப் பக்கம் இருக்கிற கஞ்சமலைக்கு நேர் மேல வெள்ளையா ஒரு புள்ளி. போன்ல இருக்கிற கோணமானி ஆப்ல பார்த்தா 40 டிகிரி உயரம். சிமிட்டல் இல்லை, சிவப்பு பச்சை விளக்கு இல்லை, பத்து நிமிஷம் ஆகியும் நகர்ந்த மாதிரியே தெரியலை. 10×50 பைனாகுலர்ல ஒரு சின்ன உருண்டை, அவ்வளவுதான். வெள்ளி கிரகம்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. வெள்ளி மேற்கே தனியாவே இருந்துச்சு.

சூரியன் இறங்கினது 6.35. புள்ளி அப்பவும் பளிச்சுன்னு இருக்கு. 6.51-க்கு மஞ்சளாச்சு, உடனே ஆரஞ்சு, அப்புறம் அடுப்புத் தணல் நிறம், 6.53-க்கு ஒண்ணுமே இல்லை. சுத்தமா 18 நிமிஷம். அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம்தான் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. போன் படம் கேட்காதீங்க, நாலு வெள்ளைப் பிக்சல்தான் இருக்கு.

அஞ்சுரோடு ஆன்டெனா:
கணக்கு ரொம்ப சுலபம். பொருள் எவ்வளவு உசரத்துல இருக்கோ, அதுக்குச் சூரியன் அவ்வளவு லேட்டா மறையும். சூரியன் ஒரு டிகிரி இறங்க 4 நிமிஷம், அப்ப 18 நிமிஷத்துக்கு 4.5 டிகிரி. அந்த டிகிரியை அதாலயே பெருக்கினா கிட்டத்தட்ட கிலோமீட்டர்ல உயரம் வந்துடும். 20 கி.மீ.! 2023 பிப்ரவரி 4-ல தெற்கு கரோலினா கடலோரம் அமெரிக்காவோட எஃப்-22 போர் விமானம் சுட்டு வீழ்த்தின சீன பலூன் பறந்தது 60,000 அடி, அதாவது 18 கி.மீ. அதே மட்டம்தான். கஞ்சமலை அடிவாரத்துல ஸ்டீல் பிளான்ட். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல சேலமும் ஒரு முனையம். 2022 ஜனவரியில அந்தமான்ல போர்ட் பிளேர் மேலயும் இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சு, ஜனங்க படம் எடுத்தாங்க. உளவு பலூன்தான், இதுக்கு மேல நான் சொல்லணுமா?

காபித்தோட்டம்:
புள்ளி பத்தித் தெரியாது, பெட்டி பத்தித் தெரியும். வாழவந்தி பக்கம் சில்வர் ஓக் மரத்துல, மிளகுக் கொடிக்கு மேல மாட்டிக்கிட்டுத் தொங்கிச்சு. வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, ஒரு சாண் நீளம். மேல நைலான் கயிறு, அதுல ஆரஞ்சுத் துணிக்குடை, அதுக்கும் மேல கிழிஞ்ச ரப்பர் நாடா நாடாவா. பெட்டிக்குள்ள டபுள் ஏ லித்தியம் பேட்டரி நாலு, சதுரமா ஒரு ஜிபிஎஸ் சில்லு, ஒரு போர்டு, கீழ நீட்டிக்கிட்டு ஒரு கம்பி. ஸ்கேல் வெச்சு அளந்தா எட்டரை செ.மீ. பேர் இல்லை, ஊர் இல்லை, போன் நம்பர் இல்லை. வி.ஏ.ஓ. கிட்டச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போச்சு. அங்க ஒருத்தரும் தொடமாட்டேன்னு வாசல்லயே மணல் வாளி பக்கத்துல வெச்சுட்டாங்க. வெடிக்குமாம்.

சாலிடர் புகை:
@காபித்தோட்டம், அந்த எட்டரை செ.மீ.யே போதும், கதை முடிஞ்சுது. கம்பி ஆன்டெனா பெரும்பாலும் அலைநீளத்துல கால்வாசிதான் வைப்பாங்க. 75-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மீட்டர்ல நீளம். 8.5 செ.மீ.ன்னா 866-ஐ ஒட்டி வரும். நம்ம நாட்டுல உரிமம் இல்லாம லோரா மாட்யூல் (கொஞ்ச கரன்ட்ல ரொம்ப தூரம் தகவல் அனுப்பற ரேடியோ) ஓட்டற அலைவரிசை அதுதான். அதனால இது கல்லூரிப் பசங்க புராஜெக்ட். வானிலைத் துறை பலூன்ல கட்டி விடற ரேடியோசோண்டுங்கற கருவியா இருந்தா 400-லிருந்து 406 மெகாஹெர்ட்ஸுக்குள்ள இருக்கும், கம்பி 17, 18 செ.மீ. வரும். உளவு பார்க்க வந்தவன் கடையில கிடைக்கிற லோராவையா கட்டி அனுப்புவான்?

ஏன் தேடி வரலைன்னும் சொல்லிடறேன், இது அடிக்கடி நடக்கற கூத்து. யூ-பிளாக்ஸ் மாதிரி ஜிபிஎஸ் மாட்யூலை வாங்கினபடியே போட்டா, அது கையில தூக்கிப் போற கருவிக்கான அமைப்புல இருக்கும். 12 கி.மீ. தாண்டினதும் இடம் சொல்றதை நிறுத்திடும். வானூர்தி அமைப்புக்குக் கட்டளை அனுப்பி மாத்தினாத்தான் 50 கி.மீ. வரைக்கும் தாங்கும். அதுவும் கரன்ட் போய்த் திரும்பி வந்தா பழைய நிலைக்கே போயிடும், அதனால ஒவ்வொரு தடவை உயிர் வரும்போதும் கட்டளை போற மாதிரி புரோகிராம் எழுதணும். கீழ இறங்கினதும் இடம் திரும்பக் கிடைக்கும்தான், ஆனா அதுக்குள்ள பெட்டி சேர்வராயன் மடிப்புக்குப் பின்னாடி போயிருக்கும், சிக்னல் வராது. லித்தியம் பேட்டரி போட்டது மட்டும் சரி. மேல மைனஸ் 70, 80 டிகிரி வரைக்கும் குளிரும், சாதா ஆல்கலைன் உறைஞ்சு படுத்துடும்.

பேர் எழுதாதது மன்னிக்க முடியாத சோம்பேறித்தனம். அழியாத மையில தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் "ஆபத்தில்லாத கருவி", கல்லூரிப் பேர், ரெண்டு போன் நம்பர், பெட்டியோட ரெண்டு பக்கமும் எழுதினா ஸ்டேஷன்ல மணல் வாளியே தேவைப்பட்டிருக்காது.

வானிலை வாத்தியார்:
@அஞ்சுரோடு ஆன்டெனா, சூத்திரம் சரி, போட்ட எண் தப்பு. லேடீஸ் சீட் சமவெளிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல உசரத்துல இருக்கு. அங்கிருந்து பார்த்தா அடிவானம் ஒரு டிகிரிக்கு மேல தாழ்ந்து கிடக்கும், அதனால சூரியன் சேலத்தைவிட நாலஞ்சு நிமிஷம் லேட்டாத்தான் மறையும். நீங்க கணக்குல எடுக்க வேண்டியது தரைமட்ட மறைவு, அதாவது 6.30-ஐ ஒட்டி. அப்ப 22, 23 நிமிஷம், 5.6 டிகிரி, உயரம் 30 கி.மீ. நாலு நிமிஷத்துல பத்து கிலோமீட்டர் கூடிப்போச்சு பாருங்க. மேற்கே புழுதி மூட்டம் இருந்தா சூரியன் சீக்கிரமே மறைஞ்ச மாதிரி ஏமாத்தும், அதனால கண்ணை நம்பாம பஞ்சாங்க நேரத்தையே எடுக்கணும். புள்ளி முழுசா அணைஞ்ச நேரத்தைவிட நிறம் மாற ஆரம்பிச்ச நேரம் நல்லது. கடைசிச் சிவப்பு, அடிக்காத்து வளைச்சு அனுப்பற வெளிச்சம், அது ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் கூட்டிக் காட்டும். எப்படிப் பார்த்தாலும் 20-க்கு வராது.

அடுத்தது அளவு. அமெரிக்கா சுட்டது 60 மீட்டர் உயரம். 40 டிகிரியில, 20 கி.மீ. மேல அப்படி ஒண்ணு நின்னா நிலா விட்டத்துல அஞ்சுல ஒரு பங்கு தெரியும். வெறும் கண்ணுக்கே புள்ளி இல்லை, சின்ன வட்டம். பத்து மடங்கு பைனாகுலர்ல நிலாவைவிடப் பெருசு, அடியில தொங்கற சட்டம்கூடத் தெரிஞ்சிருக்கணும். மலைச்சாரல் பார்த்தது சின்ன உருண்டை. 30 கி.மீ. உயரத்துல உப்பின ரப்பர் பலூன் ஏழெட்டு மீட்டர் விட்டம், அதுக்குத்தான் பொருந்துது.

நகரலைங்கறதும் பெருசா ஒண்ணும் காட்டாது. வினாடிக்கு 5 மீட்டர் ஏறினாலும் பத்து நிமிஷத்துல 3 கி.மீ., அந்தத் தூரத்துக்கு அது 3 டிகிரிக்கும் குறைவு. ஒரு கம்பத்தையோ கிளையையோ எதிர்ல வெச்சுப் பார்க்கலைன்னா தெரியாது.

மலைச்சாரல்:
அப்ப வானிலைத் துறை பலூன்தானா? சாயந்திரம்கூட விடுவாங்களே.

வானிலை வாத்தியார்:
விடுவாங்க. அதிகாலை 5.30, மாலை 5.30 கணக்குக்கு, அதுக்குச் சித்த முன்னாடியே கிளம்பும். நமக்கு அக்கம்பக்கம் மீனம்பாக்கம், காரைக்கால், பெங்களூரு. காரைக்கால் இங்கிருந்து 200 கி.மீ. பலூனோட ஆயுசே ஒண்ணரை, ரெண்டு மணி நேரம், அதுக்குள்ள கஞ்சமலைக்கு வரணும்னா வழி முழுக்க மணிக்கு 100 கி.மீ. வேகத்துல கிழக்குக் காத்து தள்ளணும். ஜூலையில 14, 16 கி.மீ. உயரத்துல அந்த வேகம் உண்டு. ஆனா அந்த அடுக்கைப் பலூன் கால் மணியில தாண்டிடும். ஏப்ரல்ல அதுவும் கிடையாது. பெங்களூருலிருந்துன்னா 150 கி.மீ. நேர் தெற்கே வரணும், மேல காத்து கிழக்கு மேற்காத்தான் ஓடும். ஐதராபாத்துல டாடா ஆராய்ச்சி நிறுவனம் விடற பெரிய பாலித்தீன் பலூனும் இல்லை. 640 கி.மீ. தள்ளி 35 கி.மீ. உயரத்துல மிதந்தாலும் இங்கிருந்து பார்த்தா அடிவானத்தை ஒட்டித்தான் இருக்கும், 40 டிகிரியில இல்லை. கல்லூரிப் பலூன்னுதான் படுது, யாரோடதுன்னு சொல்ல வழியில்லை.

அஞ்சுரோடு ஆன்டெனா:
30 கி.மீ. ஒத்துக்கிறேன். ஆனா பலூன்ல உளவே கிடையாதுங்கற மாதிரி பேசாதீங்க சார். 1956 ஜனவரி, பிப்ரவரியில அமெரிக்கா கேமரா கட்டின பலூன் 500-க்கு மேல ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் சோவியத் மேல விட்டுச்சு. பெரும்பாலானது திரும்பி வரலை. விழுந்ததுல கிடைச்ச ஃபிலிம் குளிருக்கும் கதிர்வீச்சுக்கும் தாங்கறதைப் பார்த்து சோவியத்காரன் அதையே எடுத்து 1959-ல லூனா-3 விண்கலத்துல போட்டு நிலாவோட மறுபக்கத்தைப் படம் பிடிச்சான். நம்ம பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓவே 2025 மே 3-ல மத்தியப் பிரதேசம் ஷியோபூர்ல 17 கி.மீ. உயரத்துக்கு வான்கப்பல் ஏத்திப் பார்த்துச்சு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. கண்காணிக்கத்தானே?

ஓமலூர் ரன்வே:
கண்காணிக்கத்தான். ஆனா எதைங்கறது முக்கியம். படத்துக்குன்னா கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள் இருக்கு, 500 கி.மீ. உயரத்திலிருந்து 25 செ.மீ. பொருளைப் பிரிச்சுக் காட்டும். செயற்கைக்கோள் தலைக்கு மேல சில நிமிஷம்தான் இருக்கும், பலூன் மணிக்கணக்கா சுத்தும், அதோட 25 மடங்கு கிட்ட இருக்கறதால ரேடியோ சிக்னல் 600 மடங்குக்கு மேல பலமா விழும். பலூனுக்கு லாபம் காதுலதான், கண்ணுல இல்லை. அந்தச் சீன பலூன்கூட அமெரிக்கா மேல போனப்ப தகவல் சேகரிக்கலைன்னு பென்டகனே 2023 ஜூன்ல சொல்லிடுச்சு. அதைச் சுட்ட வேகத்துல பிப்ரவரி 10, 11, 12-ன்னு இன்னும் மூணு பொருளைச் சுட்டாங்களே, அதுல ஒண்ணு இல்லினாய்ஸ் பொழுதுபோக்குக் குழுவோட சின்ன பலூனா இருக்கலாம்னு பேச்சு. ஒரு ஏவுகணை நாலு லட்சம் டாலருக்கு மேல. பயந்தவன் கையில துப்பாக்கி இருந்தா இப்படித்தான். அதனாலதான் நம்ம பக்கத்துக் கல்லூரிகளுக்குச் சொல்றேன்: பெட்டி 4 கிலோவுக்குக் குறைவுன்னா இலகு ரகம்தான், ஆனாலும் அனுமதி வாங்கி, விமானக் கட்டுப்பாட்டுக்கு நேரமும் இடமும் முன்கூட்டியே சொல்லணும். கமலாபுரத்துல விமானம் இறங்கற ஊர் இது.

யாரும் கேட்கலை, இருந்தாலும் எழுதறேன். அடுத்த தடவை ஒருத்தர் லேடீஸ் சீட், ஒருத்தர் சேலத்துல மொட்டை மாடி. போன்ல பேசிக்கிட்டு ஒரே நிமிஷத்துல கோணம் எடுங்க. நேர்கோட்டுல இடைவெளி 14 கி.மீ. கஞ்சமலைப் பக்கம்னா ரெண்டு இடமும் புள்ளியும் ஏறக்குறைய ஒரே வரிசையில வரும், அதனால கணக்கு லேசு. மேல 40 டிகிரி காட்டறப்ப, பொருள் 30 கி.மீ. உயரத்துல இருந்தா சேலத்துல 56 டிகிரி. 20 கி.மீ.ன்னா 67. பதினோரு டிகிரி வித்தியாசம், ரெண்டு டிகிரி பிசகினாலும் தெரிஞ்சுடும். யாராவது விட்ட காகித விளக்குன்னா சேலத்துக்காரர் அதைத் தெற்கே தேடவே கூடாது, வடக்கே மலை மேலதான் தெரியும். கோணமானிக்குப் பேட்டரி வேண்டாம்: பள்ளிக்கூட அரைவட்டம், நடுவுல நூல், நூல் நுனியில நட்டு, விளிம்புல ஒட்டின ஸ்ட்ரா. காத்து அடிச்சா நூல் ஆடும், மூணு தடவை எடுத்து நடு எண்ணை வெச்சுக்கணும். சூரியன் மறையறதுக்கு முன்னாடி அதை ஸ்ட்ரா வழியாப் பார்க்கற புத்திசாலி யாரும் இருக்கமாட்டீங்கன்னு நம்பறேன்.

சாலிடர் புகை:
கூடவே யுஎஸ்பி ரேடியோ ரிசீவர் ஒண்ணு வெச்சுக்கிட்டா வாக்குவாதமே வராது. 400-லிருந்து 406 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வருடி விடுங்க, வானிலைத் துறை பலூன்னா அங்கதான் கேட்கும். ஆன்டெனாவுக்கு நடுவுல ஒரு செம்புக் கம்பி, கீழ சரிவா நாலு கம்பி. 403-க்குக் கணக்குப்படி 18.6 செ.மீ., ஆனா அஞ்சு சதவீதம் குறைச்சு 17.7-ல வெட்டணும். ஏற்காட்டு உசரத்திலிருந்து 30 கி.மீ. மேல இருக்கிற பலூன் 800 கி.மீ. தள்ளி இருந்தாலும் நேர்பார்வைதான். சேலத்துக்குள்ள ஜருகுமலையும் கோதுமலையும் கிழக்கை மறைக்கும், ஆனா காரைக்கால் பலூன் உச்சிக்கு வர்றப்ப ஏழெட்டு டிகிரியில எட்டிப் பார்க்கும். ஏற்காட்டுல டவர் பக்கத்துல வெக்காதீங்க, ரிசீவர் செவிடாயிடும், வடிகட்டி போட்டே ஆகணும்.

மலைச்சாரல்:
சரி, திசை? காம்பஸ் ஆப் போதுமா?

ஓமலூர் ரன்வே:
போதாது. கஞ்சமலை முழுக்க மேக்னடைட் இரும்புக்கல், அந்தப் பக்கம் போனா ஊசி இழுக்கும். மாடியில கம்பி கட்டின கான்கிரீட்டும் இழுக்கும். ராத்திரி துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்குக்கு மாடிச் சுவர்ல ஒரு கோடு போட்டு வெச்சுடுங்க, இங்க அது 12 டிகிரிக்குள்ள தாழ்வா இருக்கும், ஏற்காடு மலை மறைக்காத வீடா பார்த்துக்கணும்.