உற்பத்தியை 20 சதவீதம் ஏற்றிய அணு உலைக்கு முழுச்சுமை ட்ரிப் சோதனை ஏன் வேண்டாம் என்றார்கள்?

டர்பைன்தளம்:

வணக்கம். நான் அனல் மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை பார்க்கிறவன். அணு உலை விஷயம் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருந்த வெர்மான்ட் யாங்கி நிலையத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1972இல் ஓட ஆரம்பித்த கொதிநீர் உலை, உரிமத்தில் இருந்த வெப்பத் திறன் 1593 மெகாவாட். என்டர்ஜி நிறுவனம் அதை வாங்கிய பிறகு 2003இல் 1912 மெகாவாட்டுக்கு ஏற்ற அனுமதி கேட்கிறது, 2006 மார்ச்சில் என்.ஆர்.சி., அதாவது அங்குள்ள அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், சரி என்று சொல்லிவிடுகிறது. முழுசாக 20 சதவீதம்.

எனக்குப் புரியாதது இதுதான். இந்த மாதிரி உலையை முதன்முதலில் ஓட்டும்போது இரண்டு பெரிய சோதனை செய்வார்கள். ஒன்று, முழுத் திறனில் ஓடும்போதே உலையிலிருந்து வரும் நீராவியை அடைக்கும், நீராவிக் குழாய்களின் ஐசொலேஷன் வால்வு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடுவது. இன்னொன்று, ஜெனரேட்டர் பிரேக்கரைத் திறந்துவிட்டு மொத்தச் சுமையையும் உதறுவது, லோட் ரிஜெக்‌ஷன் என்பார்கள். திறனை ஏற்றிய பிறகு இந்த இரண்டையும் செய்யாமலே விட்டுவிட்டார்களாம். புதிய டர்பைன் ரோட்டர், கூடுதல் நீராவி, உள்ளே எரிபொருள் அடுக்குகூட வேறு, அப்படியிருக்க ட்ரிப் ஆனால், அதாவது உலை திடீரென்று நின்றால், என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதுமா? எங்கள் இடத்தில் டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கை வைத்தாலே ஓவர்ஸ்பீடு பார்க்காமல் லோடு ஏற்ற விடமாட்டார்கள். விதி என்னதான் சொல்கிறது?

ஓய்வுபெற்றஷிப்ட்:

தம்பி, நல்ல கேள்வி. விதி என்று பார்த்தால் அமெரிக்கச் சட்டத்தில் "திறனை ஏற்றினால் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும்" என்று எண் போட்டு ஒரு வரி கிடையாது. தர உறுதிக்கான பின்னிணைப்பு பி என்று ஒன்று இருக்கிறது, அதன் 11ஆவது கூறு, கருவிகள் பணியில் சரியாக இயங்கும் என்று காட்டத் தேவையான சோதனைகளுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறது. அவ்வளவுதான். அதை எப்படி நிறைவேற்றுவது என்பதற்கு, மனுவைப் பரிசீலிக்கும் ஆணைய ஊழியர்களுக்கென்று 14.2.1 என்ற வழிகாட்டி இருக்கிறது, இந்தப் பெரிய ஏற்றங்களுக்காகவே எழுதியது.

அதன் சாரம்: முதன்முதலில் உலை ஓடத் தொடங்கியபோது 80 சதவீதத்துக்கு மேலான திறனில் செய்த சோதனைகளையெல்லாம் பட்டியல் போடு, ஏற்றத்துக்காக எதையெல்லாம் மாற்றினாய் என்று சொல், அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய், செய்யவில்லை என்றால் ஏன் என்று காரணம் காட்டு. காரணம் காட்டும்போது எதையெல்லாம் எடை போட வேண்டும் என்றும் இருக்கிறது. இதே மாதிரி நிலையங்களில் முன் அனுபவம் உண்டா, புதிதாக ஏதாவது நிகழ்வு தலைகாட்டுமா, கணிப்பு மென்பொருள் இந்த வரம்புக்குள் செல்லுபடியாகுமா, பாதுகாப்பு இடைவெளி எவ்வளவு குறைகிறது, இப்படி. ஆக, சோதனை செய்வதுதான் வழக்கம், விலக்கு வேண்டுமென்றால் வாதாடி வாங்க வேண்டும். உலையை வடிவமைத்த ஜி.இ. நிறுவனம் உலையின் அழுத்தத்தை மாற்றாமல் திறனை ஏற்றும் முறைக்கு ஒரு பொது அறிக்கை எழுதி, அந்த முறையில் ஏற்றுகிற எல்லோருக்கும் இந்தச் சோதனைகள் மொத்தமாக வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தது. ஆணையம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாக வந்து சொல்லட்டும் என்றது.

வெர்மான்ட் யாங்கி சொன்ன காரணங்களில் எடுபட்டவை இவை. உலை அழுத்தம் மாறவில்லை, அதனால் அழுத்தம் எந்த அளவைத் தொட்டால் கருவி செயல்பட வேண்டும் என்ற செட்பாயின்ட்கள் பெரும்பாலும் பழையபடியே. வால்வு மூடத் தொடங்கியதுமே, அழுத்தம் ஏறும் வரை காத்திராமல் வால்வின் நிலையைப் பார்த்தே ஸ்க்ராம், அதாவது உலையின் அவசர நிறுத்தம், விழுந்துவிடும். 2004 ஜூனிலும் 2005 ஜூலையிலும் அந்த நிலையம் பழைய முழுத் திறனில் ஓடும்போது தானாகவே ட்ரிப் ஆகியிருக்கிறது, இரண்டாவது தடவை சுவிட்ச்யார்டில் இன்சுலேட்டர் போய் அசல் லோட் ரிஜெக்‌ஷனே நடந்தது, உலை எதிர்பார்த்தபடியே அடங்கியது. ஏற்கெனவே திறனை ஏற்றிய மற்ற நிலையங்களிலும் இப்படித் தற்செயல் ட்ரிப்கள் நடந்து கணிப்போடு ஒத்துப்போயிருக்கின்றன. இவ்வளவு இருக்கும்போது வேண்டுமென்றே முழுத் திறனிலிருந்து உலையை அடித்து நிறுத்துவது கருவிகளுக்குத் தேவையில்லாத ஒரு சுற்று உளைச்சல் என்பது அவர்கள் கட்சி. ஆணையத்தின் ஆலோசனைக் குழுவும் இந்த இரண்டு சோதனையும் தேவையில்லை என்றே கருத்துச் சொன்னது.

நறுக்குகேள்வி:

அண்ணா, பழைய முழுத் திறன் என்ற இடத்தில்தானே பிடி இருக்கிறது? 2005இல் ட்ரிப் ஆனபோது உலை 1593இல் ஓடியது. 1912இல் இல்லை. நியூ இங்கிலாந்து கோஅலிஷன் என்ற அமைப்பு இதையே பிடித்துக்கொண்டு வழக்காடியது, 2006 செப்டம்பரில் வெர்மான்ட்டில் நியூஃபேன் என்ற ஊரில் ஆணையத்தின் உரிம வாரியம் உட்கார்ந்து விசாரித்தது. கடைசியில் வாரியம் நிறுவனத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது, அது வேறு விஷயம்.

கணிப்பு மென்பொருளைச் சந்தேகப்படுவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். வால்வு மூடினால் அழுத்தம் ஏறும், நீரில் இருக்கும் ஆவிக் குமிழிகள் நசுங்கும், அந்தக் கணத்தில் உலைத் திறன் குபீரென்று மேலே போகும், கட்டுப்பாட்டுக் கோல்கள் உள்ளே பாயும், நிவாரண வால்வுகள் திறந்து நீராவியைக் கீழே இருக்கும் நீர்த்தொட்டிக்குள் விடும். இதெல்லாம் கணக்கில் வரும். ஆனால் அந்த நிலையத்தில் மூன்று வருஷமாக யாரும் தொடாத ஒரு ரிலேயோ, புதிதாக வயர் இழுத்த ஒரு லாஜிக்கோ கணக்கில் வராது. முழுச் சோதனை என்பது இயற்பியலைச் சரிபார்க்க மட்டும் இல்லையே, எல்லாமும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் சோதித்தோம் என்ற பதிலை நான் என்றைக்கும் முழுசாக நம்பியதில்லை. சுவிட்சர்லாந்தில் லைப்ஸ்டாட் உலையில் திறனை ஏற்றியபோது டர்பைன் ட்ரிப், லோட் ரிஜெக்‌ஷன் சோதனைகளைச் செய்தார்களே, அவர்கள் உலை ஒன்றும் உடைந்துவிடவில்லை.

ஓய்வுபெற்றஷிப்ட்:

லைப்ஸ்டாட் முடிவையே மற்றவர்கள் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டினார்கள், தெரியுமா? ஒருவர் செய்தார், மற்றவர் அதைக் காட்டித் தப்பித்தார். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆணையம் எல்லாச் சோதனையையும் விட்டுவிடவும் இல்லை. உரிமத்திலேயே ஒரு நிபந்தனை போட்டார்கள்: புதிய முழுத் திறனில் 168 மணி நேரம் ஓடி முடிப்பதற்குள், டர்பைனைத் தாண்டிக் குளிர்ந்து நீரான நீராவியைத் திருப்பித் தள்ளும் கண்டன்சேட் பம்ப் ஒன்றை நிறுத்திக் காட்ட வேண்டும், அதனால் உலைக்குப் போகும் நீர் மொத்தமாக நின்றுவிடாது என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கப்புறம் 30 நாளைக்குள், உலைக்குள் நீரைச் செலுத்தும் ஃபீட் பம்ப் ஒன்று போனால் உலை ட்ரிப் ஆகாது என்பதைச் சோதனையாலோ, முந்தைய சோதனையின் தரவை வைத்தோ உறுதி செய்ய வேண்டும்.

ஏன் இதை மட்டும் பிடித்தார்கள் என்று யோசித்துப் பார். திறனை ஏற்றினால் நீராவி கூடுதல், அப்படியென்றால் உள்ளே போக வேண்டிய நீரும் கூடுதல். முன்பு ஒரு பம்ப் சும்மா நின்றிருக்கும், இப்போது எல்லாமே ஓடினால்தான் கட்டுப்படியாகும். ஸ்பேர் என்று ஒன்று இல்லை. அதாவது ஏற்றத்தால் நிஜமாகவே மாறிய இடம் அது, முன் அனுபவத்தைக் காட்டி நழுவ முடியாத இடம். ஐசொலேஷன் வால்வைவிட எனக்கு இந்தச் சோதனைதான் முக்கியமாகப் படுகிறது.

ஆவிக்கதை:

எல்லோரும் ட்ரிப்பையே பேசுகிறீர்கள். திறனை ஏற்றிய உலைகளில் நிஜமாக உடைந்தது எது என்று யாரும் சொல்லவில்லையே. ஸ்டீம் டிரையர்!

இல்லினாய்ஸில் குவாட் சிட்டீஸ் நிலையத்துக்கு 2001 டிசம்பரில் 17.8 சதவீதம் ஏற்ற அனுமதி கிடைத்தது. 2002இலேயே இரண்டாவது உலையின் டிரையரில் விரிசல், ஒரு தகடு பிய்ந்துகொண்டு நீராவியோடு போய்விட்டது. முதல் அறிகுறி என்ன தெரியுமா, நீராவியில் ஈரம் கூடியது. சரிசெய்து ஓட்டினார்கள், 2003இல் மறுபடி விரிசல். டிரையர் பாதுகாப்புக் கருவியே இல்லை, உலையின் மேல்பகுதியில் உட்கார்ந்து நீராவியில் இருக்கும் நீர்த்துளிகளைப் பிரித்தெடுப்பதோடு அதன் வேலை சரி. ஆனால் அதிலிருந்து பிய்ந்த இரும்பு ஐசொலேஷன் வால்வு மூடும் இடத்தில் போய்ச் சிக்கினால்?

காரணம் ஒலி. நீராவியின் வேகம் கூடியபோது, நிவாரண வால்வுகள் பொருத்தியிருக்கும் குட்டைக் குழாய்களின் வாயைக் கடந்து போகிற நீராவி, காலிப் பாட்டில் வாயில் ஊதினால் சத்தம் வருமே, அதே மாதிரி குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் ஊளையிட ஆரம்பித்தது. அந்த அழுத்த அலை குழாய் வழியாகத் திரும்பி உலைக்குள் வந்து டிரையரை உலுக்கு உலுக்கென்று உலுக்கியது. அதே அதிர்வு நிவாரண வால்வுகளைத் திறக்கும் ஆக்சுவேட்டர்களையும் தேய்த்துவிட்டது, அவை பாதுகாப்புக் கருவிதான். கடைசியில் புது டிரையர் போட்டு, அந்தக் குட்டைக் குழாய்களில் ஒலியை அடக்கும் கிளைகளையும் வைத்துத்தான் நிம்மதி வந்தது.

இப்போது சொல்லுங்கள், வால்வை மூடி உலையை நிறுத்துகிற சோதனை இதைக் கண்டுபிடித்திருக்குமா? சில நொடியில் முடிகிற விஷயம் அது. இந்தக் கேடு மாதக்கணக்கில் ஓடி ஓடி வந்தது.

இதனால்தான் வெர்மான்ட் யாங்கியில் பிடி வேறு இடத்தில் விழுந்தது. 1593ஐத் தாண்டி ஏற்றும்போது, நீராவிக் குழாய்களில் ஒட்டிய, குழாய் எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும் 32 ஸ்ட்ரெயின் கேஜ்களை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். பழைய திறனில் 105, 110, 115 சதவீதம் என்று ஒவ்வொரு படியிலும் நின்று, தரவை ஆணையத்துக்கு அனுப்பி, 96 மணி நேரம் காத்திருந்துதான் அடுத்த படி. முதல் படியிலேயே, 105இல், ஒரு அதிர்வெண்ணில் சிக்னல் வரம்பைத் தாண்டியதும் ஏற்றத்தை நிறுத்தி, உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே நகர விட்டார்கள். 120 சதவீதத்தைத் தொட்டது மே மாதம். என்னைக் கேட்டால் திறனேற்றத்துக்கான நிஜச் சோதனை இந்த ஏற்றம்தான், ட்ரிப் இல்லை.

நறுக்குகேள்வி:

ஆவிக்கதை, குவாட் சிட்டீஸில் அடி வாங்கிய பிறகு வந்த ஞானம் அது. 2001இல் அனுமதி கொடுக்கும்போது இப்படி ஒரு ஊளைச் சத்தம் வரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தெரிந்த ஆபத்துக்கு மட்டும் கேஜ் ஒட்டினால் தெரியாதது எங்கே அகப்படும்? வெர்மான்ட் யாங்கியிலேயே 2007 ஆகஸ்ட்டில் குளிர்விப்புக் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

ஓய்வுபெற்றஷிப்ட்:

அது மரச் சட்டம் உளுத்துப்போன கதை. பராமரிப்பைத் திட்டலாம், எந்த ட்ரிப் சோதனையும் அதைக் காட்டியிருக்காது. இரண்டையும் முடிச்சுப் போடாதே.

டர்பைன்தளம்:

எல்லோருக்கும் நன்றி, ஸ்பேர் பம்ப் இல்லை என்ற விஷயம் எங்கள் வேலைக்கும் பொருந்தும் என்பதால் சட்டென்று புரிந்தது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். 20 சதவீதம் எல்லாம் பெரிய கதை, ஒன்றரை சதவீதம் ஏற்றுகிறோம் என்று வருகிறார்களே, அதற்கும் இவ்வளவு சோதனை உண்டா?

ஆவிக்கதை:

அது வேறு ரகம். முன்பெல்லாம் குளிர்விப்பு இழப்பு விபத்துக்கான கணக்கை 102 சதவீதத் திறனில் போட வேண்டும், அளவீட்டில் 2 சதவீதம் பிழை இருக்கலாம் என்ற கணக்கு. 2000இல் விதியை மாற்றி, உன் அளவீடு துல்லியம் என்று நிரூபித்தால் அந்த 2இல் மிச்சமாகிறதை எடுத்துக்கொள் என்றார்கள். உலையின் திறனைக் கணக்கிடுவதே உள்ளே போகும் நீரின் அளவை வைத்துத்தானே. குழாயின் குறுகலில் அழுத்த வேறுபாட்டைப் பார்த்து நீரோட்டத்தை அளக்கும் பழைய வென்சுரியில் அழுக்குப் படிந்தால் அது நீரைக் கூட்டிக் காட்டும். அதற்குப் பதில் ஒலியலையால் நீரோட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் வைத்தால் பிழை குறையும், ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கைக்கு வரும். இங்கே சோதனை என்றால் உலையை நிறுத்திப் பார்ப்பது இல்லை, மீட்டரை அந்தக் குழாய் அமைப்பின் மாதிரியில் வைத்து அளவுத்திருத்தம் செய்வது, நிலையத்தில் பொருத்திய பிறகு சரிபார்ப்பது, மீட்டர் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் பழைய திறனுக்கு இறங்குவாய் என்று எழுதிக் கொடுப்பது.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இல்லினாய்ஸில் பைரன், பிரெய்ட்வுட் நிலையங்களில் அல்ட்ராசோனிக் மீட்டரை வைத்துத் திருத்திய கணக்கு தப்பாகிப்போய், உரிமத்தில் இருந்ததைவிடக் கூடுதல் திறனில் உலை ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. குழாய்க்கு வெளியே மாட்டுகிற வகை அது, குழாயில் வேறு எங்கிருந்தோ வந்த இரைச்சல் அதன் காதில் விழுந்திருக்கிறது.