லாக்ஸ்டன்: வயலுக்குள் நடக்கும் ஊர் மன்றம்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற சிற்றூருக்கு நவம்பர் மாதக் கடைசியில் சென்று வந்த அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். வேலியில்லாத பெருவயல்களைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஊரார் பயிரிட்ட இடைக்கால முறை, அதைக் கண்காணிக்கும் ஊர் மன்றத்தோடு சேர்ந்து இன்றும் நடைமுறையில் இருப்பது அங்கேதான். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் துணையோடு மற்ற ஊர்களின் பொது வயல்கள் வேலியடைக்கப்பட்டுத் தனிப் பண்ணைகளாக மாறியபோதும், லாக்ஸ்டனில் மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் ஆகிய மூன்றும் தப்பி நின்றன. குளிர்காலக் கோதுமை, வசந்தகாலப் பயிர், தரிசு அல்லது தீவனப் புல் என்ற மூன்றாண்டுச் சுழற்சியில் அவை மாறி மாறி வருகின்றன.

நான் சென்றது, கோதுமை விதைத்த வயலில் உழவு எல்லை மீறியிருக்கிறதா என்று ஊர் மன்றத்தின் நடுவர் குழு பார்வையிடும் நாள். குழுவில் இருப்பவர்கள் அதே வயலில் பயிரிடும் விவசாயிகள் என்பதால், ஒவ்வொருவரும் பக்கத்து நிலத்துக்காரரின் உழவை அளப்பதோடு தம் உழவும் அளக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காலணியில் களிமண் அப்பிக்கொள்ள, வண்டிப்பாதையும் பொதுப் புல்வெளியும் வயலைத் தொடும் எல்லை நெடுகிலும் நடந்தோம். ஏற்கெனவே நட்டிருந்த எல்லை மரமுளையருகே ஒருவர் குனிந்து அடுத்த முளைக்குக் கண்ணாலேயே கோடு பிடித்தார். அவர் கையசைத்த இடத்தில் இன்னொருவர் மரமுளையை ஊன்றிக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கினார். ஓரிடத்தில் உழவு புல்வெளிக்குள் ஓரடி போல ஏறியிருந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை, குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வரம்பு மீறியவர்களின் பெயர்கள் அடுத்த வாரம் ஊர் மன்றத்தின் முன் வைக்கப்பட்டு, அபராதம் விதிக்கப்படும். மன்றம் கூடுவது ஊரின் டவ்கோட் மதுவிடுதியில். இத்தகைய பழைய மன்றங்களின் நீதி அதிகாரத்தை 1977ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபோதும், லாக்ஸ்டன் மன்றத்துக்கு அது விட்டுவைக்கப்பட்டது. அபராதம் சிறு தொகைதான். ஆயினும் காலமெல்லாம் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் முன்னிலையில் தம் பெயர் வாசிக்கப்படுவதைத்தான் அவர்கள் பெரிதாக எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மார்க் பியர்ஸ் என்பவர் 1635இல் வரைந்த இவ்வூரின் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. உழுபவர்களின் உருவங்கள்கூட அதில் உண்டு. 1952இல் அரசு வாங்கிய இந்த நிலம், 1981இல் அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சென்று, 2020இல் தனியார் நிலவுடைமையான தோர்ஸ்பி எஸ்டேட்டின் கைக்கு வந்தது. உரிமையாளர் யாராயினும், பட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து உழ விவசாயக் குடும்பங்கள் இருந்தால்தான் மன்றம் நிலைக்கும். பழங்கட்டடத்தைப் போலப் பூட்டி வைத்துக் காக்கக்கூடியதன்று இது. செல்ல விரும்புவோர் விதைத்த பட்டைகளுக்குள் இறங்காமல் பொதுப்பாதை வழியாகவே நடக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.