ஓபியாய்டு சிகிச்சை: நோயாளி சொல்வதைக் கேட்டு முறையை மாற்றலாமா?

வெண்மணல்:
ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்ற அபின் வகை) அடிமைநோய்க்குச் சிகிச்சை தரும் மையம் ஒன்றில் கவுன்சலராக இருக்கிறேன். அந்த ஏக்கத்தை அடக்க நாங்கள் கொடுக்கும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகளை எடுப்பவர்களிடம் மாதம் ஒரு முறை கருத்துக் கேட்டு, அதற்கேற்ப டோஸ், மருந்து தரும் நேரம், கவுன்சலிங் நாட்கள் எல்லாவற்றையும் மாற்றி அமைக்கலாம் என்று ஒரு யோசனை வைத்தேன். கூட்டத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். "அவங்க கேக்கிறதையெல்லாம் கொடுக்கவா நாம இருக்கோம்?" என்றார் ஒருவர்.

சர்க்கரை நோய் என்றால் ரத்தத்தில் அளவு பார்த்துவிடலாம். இங்கே நம் கையில் இருப்பது சிறுநீர்ப் பரிசோதனை. கடந்த சில நாட்களில் உள்ளே என்ன போனது என்று அது சொல்லும், அவ்வளவுதான். காலையில் குடித்த மெத்தடோன் எத்தனை மணி வரை தாங்கியது, இரவு தூக்கம் வந்ததா, பழைய கூட்டாளியைப் பார்த்ததும் மனம் என்ன பாடுபட்டது, இதையெல்லாம் அவரைத் தவிர யார் சொல்ல முடியும்? ஓர் உதாரணம். ஒருவர் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கத் தொடங்கினால், சில நாட்களில் ஈரல் மெத்தடோனை வேகமாக வெளியேற்ற ஆரம்பித்துவிடும். போதுமாக இருந்த டோஸ் பற்றாமல் போகும். வேறு இடத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரை நமக்கு எப்படித் தெரியவரும்? "மருந்து முன்ன மாதிரி பிடிக்கல" என்று அவர் வாய் திறந்தால்தான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

கறார் கந்தன்:
மருத்துவர் என்ற முறையில் எதிர்க்கிறேன். மெத்தடோன் உடலில் மெதுவாகத்தான் குறையும். பலருக்கு அது பாதியாகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் முதல் நாள் கொடுத்த அதே அளவு ஐந்தாம் நாள் இன்னும் பலமாக வேலை செய்யும், ஏனென்றால் மிச்சம் சேர்ந்துகொண்டே வருகிறது. இரண்டாம் நாள் "பத்தல சார்" என்கிறார் என்று ஏற்றிக்கொண்டே போனால், ஐந்தாம் நாள் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடலாம். மெத்தடோன் தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் இறப்பு ஆபத்து கூடுதல் என்பது நன்றாகப் பதிவான விஷயம்.

இன்னொன்று. நோயாளியின் திருப்தியை அளக்கப் போய்ப் பட்ட அடி போதாதா? அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அரசுக் காப்பீடு தரும் தொகையில் ஒரு பகுதியை நோயாளிகள் போடும் மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டார்கள். வலியை எவ்வளவு நன்றாகக் கட்டுப்படுத்தினார்கள் என்ற கேள்வியும் அதில் உண்டு. மதிப்பெண்ணுக்காக ஓபியாய்டு எழுதும் நெருக்கடி வருகிறது என்று மருத்துவர்களே கத்திய பிறகு, 2016-இல் அந்தக் கேள்விகளைத் தொகைக் கணக்கிலிருந்து எடுக்க முடிவு செய்தார்கள். இப்போது அதே வியாதிக்கான சிகிச்சையிலும் திருப்திப் படிவமா?

மறுகரை:
கந்தன் சார், நான் நோயாளி. படிவத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன்.

மெத்தடோன் தொடங்கி மாதக்கணக்காகியும் என்னைக் குறைந்த டோஸிலேயே வைத்திருந்தார்கள். பகலெல்லாம் சரியாக இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கை கால் குடைச்சல். விடிந்து கவுண்ட்டர் திறக்கும் வரை தாங்க முடியாத நாட்களில் வெளியே வாங்கிப் போட்டேன். சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டினேன். "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதி, இருந்த டோஸையும் குறைத்தார்கள்! "இந்த மருந்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது?" என்று யாராவது ஒரு தடவை கேட்டிருந்தால் கதை வேறு. நான் கேட்டது போதையை அல்ல. தூக்கத்தை.

கறார் கந்தன்:
உங்களுக்கு நடந்தது மோசமான வைத்தியம். டோஸைத் தண்டனையாகக் குறைப்பதை எந்த நல்ல வழிகாட்டுதலும் ஏற்காது. ஆனால் "எத்தனை மணி நேரம் தாங்குகிறது" என்பது எந்த மருத்துவரும் கேட்க வேண்டிய அடிப்படைக் கேள்வி. அதற்குக் கருத்துக் கணிப்பு என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. 80 முதல் 100 மில்லிகிராம் மெத்தடோன் 40–50 மில்லிகிராமைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 1999-இல் வெளிவந்ததும் முறையான மருத்துவ ஆய்வில்தான். படிவம் நிரப்பி அல்ல.

வெண்மணல்:
ஆய்வு 1999-இல் வந்தது, சரி. அதற்கு அப்புறமும் பல மையங்கள் 60 மில்லிகிராமுக்குக் கீழேயே ஆட்களை வைத்திருந்தன. அறிவு காகிதத்தில் இருந்தது, கவுண்ட்டரில் இல்லை. பற்றவில்லை என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர்களை "மருந்து தேடும் ஆள்" என்று ஒதுக்கியதால்தானே?

புள்ளிராணி:
தரவு பார்ப்பவள் நான். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தவறவிடுவதாகத் தோன்றுகிறது.

மையத்தில் வைத்துப் படிவம் கொடுத்தால் நிரப்புபவர் யார்? இன்னும் வந்துகொண்டிருப்பவர். நமக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது, வராமல் போனவர் ஏன் போனார் என்பது. 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் காலத்தைவிட அதை விட்டு வெளியேறிய காலத்தில் இறப்பு விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கு. வெளியேறிய முதல் சில வாரங்கள்தான் மிக மோசம், உடலின் தாங்குதிறன் குறைந்திருக்க, பழைய அளவையே மறுபடி எடுப்பார்கள். அந்த ஆட்களின் குரல் உங்கள் மாதாந்திரப் படிவத்தில் வரவே வராது. மிச்சமிருப்பவர்கள் "நன்று, மிக நன்று" என்று போடுவார்கள், நீங்களும் வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டுவீர்கள்.

அடுத்தது, படிவத்தை யார் படிக்கிறார்கள்? மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று முடிவு செய்யும் ஊழியரேதான் படிக்கிறார் என்றால், யார் உண்மை எழுதுவார்கள்? நானாக இருந்தாலும் எழுத மாட்டேன்.

"சேவை பிடித்திருந்ததா" என்று கேட்பதும் "உங்கள் நிலை எப்படி" என்று கேட்பதும் வேறு வேறு. 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பொதுவான நோயாளிகளிடையே, அதிகத் திருப்தி சொன்னவர்களின் இறப்பு விகிதம் கூடுதலாகவே இருந்தது. அதனால் திருப்தி கொல்லும் என்று ஆகிவிடாது. மதிப்பெண்ணை வைத்துச் சிகிச்சையின் தரத்தை எடைபோடாதீர்கள் என்கிறேன். மாறாக, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு சேர்ந்தே உருவாக்கி 2016-இல் வெளியிட்ட 'ஷ்யூர்' என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 21 கேள்விகள். போதைப் பயன்பாட்டோடு, உறவுகள் எப்படி, பணத்தைச் சமாளிக்க முடிகிறதா, தன்னைக் கவனித்துக்கொள்கிறாரா என்றெல்லாம் கேட்கும். யாரும் யாருக்கும் நட்சத்திரம் போட வேண்டியதில்லை.

கறார் கந்தன்:
நன்றி. என் கட்சிக்கே வக்காலத்து வாங்கிவிட்டீர்கள்.

புள்ளிராணி:
இல்லை சார். உங்கள் சிறுநீர்ப் பரிசோதனையும் வந்தவர்களிடம் மட்டும்தானே எடுக்கிறீர்கள்? அங்கேயும் அதே ஓட்டைதான். அப்புறம், நீங்கள் சொன்ன 2016 முடிவு. கேள்விகளை எடுத்தபோதே, அவற்றால் ஓபியாய்டு எழுதுவது கூடியது என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் தங்களுக்குத் தெரியவில்லை என்று அந்த அரசுக் காப்பீட்டை நடத்தும் துறை சேர்த்தே சொன்னது. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்றுதான் எடுத்தார்கள். பாதிக் கதையை முழுக் கதையாகச் சொல்லாதீர்கள்.

தம்பிக்காக:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பி மெத்தடோனில் இருக்கிறான். நீங்கள் எல்லோரும் நோயாளி அதிகம் கேட்பார் என்றே பேசுகிறீர்கள். அவன் குறைக்கச் சொல்கிறான்! "போதும்க்கா, நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்கிறான். வேலைக்குப் போகிறான், ஆள் தேறியிருக்கிறான். அம்மாவும் "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மருந்து" என்று அரித்துக்கொண்டே இருக்கிறார். மையம் அவன் கருத்தைக் கேட்டு டோஸைக் குறைத்தால், நீங்கள் சொன்ன அந்த மூன்று மடங்குக் கணக்கில் அவனும் சேர்ந்துவிடுவானோ என்று வயிற்றைக் கலக்குகிறது. படிவத்தில் அவன் எழுதப்போவது அவன் கருத்தா, அம்மா கருத்தா?

கறார் கந்தன்:
இதைத்தான் சொல்கிறேன். நோயாளி விரும்புவதும் நோயாளிக்கு நல்லதும் எப்போதும் ஒன்றல்ல.

மறுகரை:
அக்கா, குறைக்கச் சொல்கிறான் என்றால் ஏன் என்று கேளுங்கள். "குறைக்கணும்" என்பது பல சமயம் கடைசி வரி மட்டும்தான், மேலே எழுத வேண்டிய நாலு வரியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அது மலச்சிக்கல். சட்டை நனையும் வியர்வை. அப்புறம் தினமும் வரிசையில் நின்று, ஊழியர் பார்க்க மருந்தைக் குடித்துவிட்டு, வேலைக்குத் தாமதமாகப் போய்ப் பொய் சொல்வது. இதெல்லாம் சேர்ந்துதான் "நிறுத்திடலாம்" ஆனது.

அமெரிக்காவில் மெத்தடோனை வீட்டுக்குக் கொடுங்கள் என்று நோயாளிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் வரையும் மற்றவர்களுக்கு 14 நாள் வரையும் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். பயந்த மாதிரி ஊரே அழியவில்லை. 2024-இல் அந்தத் தளர்வை நிரந்தர விதியாகவே ஆக்கினார்கள். நோயாளி சொல்லிக் கேட்காதது வைரஸ் சொல்லி நடந்தது.

நான் பிறகு புப்ரெனார்ஃபினுக்கு மாறினேன், நாக்கின் அடியில் வைத்துக் கரைப்பது. பல் கொட்டுகிறது என்று சொன்னபோது "பழைய பழக்கத்தால் வந்திருக்கும்" என்றார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்கை விட்டது: வாயில் கரையும் புப்ரெனார்ஃபினால் பல் பாதிப்பு வரலாம், கரைந்த பிறகு தண்ணீரால் வாயைக் கொப்பளித்து விழுங்குங்கள், பல் துலக்க ஒரு மணி நேரமாவது பொறுங்கள் என்று. வாய்க்குள் இருக்கும் பல்லைப் பற்றிக்கூட நாங்கள் சொன்னால் நம்ப ஆளில்லை.

கறார் கந்தன்:
பக்க விளைவுகளைச் சொல்வதை நான் எப்போது மறுத்தேன்? அதைப் பதிவு செய்து ஆராயத் தனி முறையே இருக்கிறது. வீட்டுக்குக் கொடுப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டுப் பெட்டி கட்டாயம். என் எதிர்ப்பு இரண்டே விஷயத்துக்குத்தான். முதல் மாதத்தில் படிவத்தைப் பார்த்து டோஸைத் தொடக் கூடாது. எந்தக் காலத்திலும் நோயாளியின் மதிப்பெண்ணை ஊழியரின் சம்பளத்தோடோ பதவி உயர்வோடோ இணைக்கக் கூடாது. இணைத்தால் கறாராக இருப்பவன் வேலை காலி.

வெண்மணல்:
இரண்டாவதில் சண்டையே இல்லை. மதிப்பெண்ணை எடுத்தே விடுகிறேன். புள்ளிராணி சொன்னதையும் சேர்த்து யோசனையை இப்படி மாற்றுகிறேன்: மருந்து எவ்வளவு நேரம் தாங்குகிறது, என்ன தொந்தரவு, இங்கே வருவதற்கு எது தடை. இவ்வளவுதான் கேள்வி. கேட்பவர் எங்கள் ஊழியர் அல்ல, முன்பு சிகிச்சை எடுத்துத் தேறிய ஒருவர். அடுத்தடுத்து டோஸ் தவறவிட்டவரை அவரே போனில் கூப்பிட வேண்டும், திட்ட அல்ல, ஏன் வரவில்லை என்று கேட்க. கேட்டதற்கு ஒரு வாரத்துக்குள் பதில். மாற்ற முடியாது என்றால் ஏன் முடியாது என்றாவது சொல்ல வேண்டும்.

புள்ளிராணி:
அந்த ஒரு வாரத்தைக் காப்பாற்ற ஆள் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காததைவிட மோசம். இன்னொன்று, எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் இருக்காது. மன ஆலோசனையில் மைக்கேல் லாம்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் இப்படிக் கேட்டறியும் முறையைப் பல ஆண்டுகள் சோதித்திருக்கிறார்கள். எதிர்பார்த்தபடி தேறாமல் பின்தங்குபவர்களிடம்தான் அது அதிகம் உதவியது. நன்றாகப் போய்க்கொண்டிருப்பவரை மாதாமாதம் நச்சரிக்காதீர்கள்.

மறுகரை:
முதல் மாதம் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. ஆட்கள் ஓடிப்போவதே அந்த மாதத்தில்தான்.

கறார் கந்தன்:
கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்து ஏற்றக் கூடாது என்றேன். முதல் மாதம் ஆளை நேரில் பார்க்க வேண்டும்: கண்மணி எப்படி இருக்கிறது, வியர்க்கிறதா, மருந்து குடித்து மூன்று நாலு மணி நேரம் கழித்துத் தூங்கி விழுகிறாரா.

தம்பிக்காக:
தம்பியிடம் கேட்டேன். மறுகரை சொன்னதுதான். கவுன்சலிங் நேரமும் அவன் ஷிஃப்டும் மோதுகிறதாம். தவறவிட்டால் ஒத்துழைப்பு இல்லை என்று எழுதிவிடுகிறார்களாம். மருந்தையே நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறான். மையத்தில் சொல்ல வேண்டியதுதானே என்றால், ஏதாவது சொல்லப் போய் அவர்கள் முறைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறான்.

கறார் கந்தன்:
இதற்கு டோஸைக் குறைக்கவே வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போகும் டோஸ் கேட்கட்டும், கவுன்சலிங்கைப் போனில் வைக்கலாம். முடியாது என்றால் படிப்படியாகப் புப்ரெனார்ஃபினுக்கு மாறி, பிறகு மாதம் ஒரு ஊசி என்ற வழியும் இருக்கிறது. ஆனால் இது ஒரு மருத்துவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தெரிந்துவிடும். இதற்கு ஒரு படிவம், ஒரு ஆள், ஒரு போன், எதற்கு?

மறுகரை:
அந்த ஐந்து நிமிடம் எந்த மையத்தில் கொடுக்கிறார்கள் சார்? முகவரி சொல்லுங்கள், நாளைக்கே அங்கே மாறிவிடுகிறேன்.