சிங்கி இறாலின் முட்டைகளை உடையாமல் பிரிப்பது எப்படி?

சேலத்தில் விலங்கியல் ஆசிரியராக இருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் சூரமங்கலத்தில் ஒரு மீன் கடையின் ஐஸ் பெட்டியில் சினை சிங்கி இறால் ஒன்று கிடந்தது. பானுலிரஸ் ஹோமரஸ் இனம், 310 கிராம். வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக்கொத்தாக முட்டைகள். முட்டைக்குள் வளரும் குஞ்சின் கண்புள்ளி இன்னும் தெரியவில்லை. நெஞ்சில் ஆண் ஒட்டிவிட்டுப் போன விந்துப் பொதியின் கருஞ்சாம்பல் தடம்கூட அழியாமல் இருந்தது. மனம் கேட்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

இந்த இனத்தில் 200 கிராமுக்குக் குறைந்தவற்றை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 2003-இல் விதி வந்தது. அது ஏற்றுமதிக்குத்தான், நம் ஊர்ச் சந்தைக்கு வருவதை அது தொடுவதில்லை. ஒரு தாயோடு எத்தனை லட்சம் முட்டைகள் போகின்றன என்பதை மாணவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் எண்ணிக் காட்ட வேண்டும்.

10 சதவீத ஃபார்மலினில் ஒரு வாரம், பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் வைத்தேன். முட்டைகள் நீச்சல் கால்களின் மயிரிழைகளோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டன. ஊசியால் நெம்பினால் உடைகின்றன. இரண்டு நாள் உப்புநீரில் ஊறியும் பிடி விடவில்லை. எடையை வைத்துத்தான் முட்டைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடப் பார்க்கிறேன்; மயிரிழையோடு எடை போட்டால் கணக்குத் தவறுகிறது.

இந்த முட்டைகளை உடையாமல் கழற்ற எந்தக் கரைசலில், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?